பொக்கைக்கு ஒரு கேள்வி

என் அக்கா புருஷன் பல் செய்கிறவர். பல் பிடுங்குகிறவர் இல்லை, அது டாக்டர் வேலை. டாக்டர் நோயாளியின் வாயில் ஒரு பசையை வைத்து அளவு எடுத்து அனுப்புவார். அத்தான் அந்த அளவுக்குள் மாவைக் குழைத்து ஊற்றி, தாடையை அப்படியே கல் மாதிரி வார்த்து எடுத்து, அதற்குப் பொருந்தும் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவார். இருபத்தெட்டு வருஷமாக இதே தொழில். பல்லை மாட்டிக்கொண்டு சிரிக்கிறவருக்கு அத்தான் யாரென்றே தெரியாது. பல் நன்றாக அமைந்தால் டாக்டர் கைராசிக்காரர். அமையாமல் போனால்தான் அத்தான் என்று ஒரு ஆள் இருப்பது எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு மேசை, கழுத்து வளைந்த விளக்கு, பேனா அளவில் ஒரு ராவும் மோட்டார். சாயங்காலம் அவர் எழுந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளைத்தூள் படிந்திருக்கும். அக்கா ஈரத்துணியை நீட்டுவாள், துடைத்துக்கொள்ளாமல் சாப்பாட்டு மேசைப் பக்கம் வரக்கூடாது.

அத்தான் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனால் கோபமே வராத மனுஷன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வரும். வந்தால் போகாது, அதுதான் விஷயம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் முடி வெட்டுகிறவர் இவர் காதில் ஒரு கீறல் போட்டுவிட்டு, "நீங்கதான் சார் அசைஞ்சீங்க" என்றார். இவர் அசையவில்லை. அன்றிலிருந்து இரண்டு கண்ணாடியை எதிரெதிரே வைத்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறார். மாதம் ஒரு முறை, வெட்டிய கையோடு, வேறு வேலை எதுவும் இல்லாமல் அந்தக் கடை வாசல் வழியாக ஒரு நடை போய்விட்டு வருவார். முடி அழகாகத்தான் இருக்கும். அதைச் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில் சீட்டுக் கச்சேரி. ஆட்டம் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு மேசையில் பொது, யாருடைய சேர்க்கை பெரிதோ அவருக்கு வெற்றி. கையில் ஒன்றும் இல்லாதவன் ராஜா வைத்திருப்பவனைப் போல உட்கார்ந்து மற்றவர்களை விரட்டவும் செய்யலாம். அந்த ஏமாற்றுதான் ஆட்டத்தின் ருசி. ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணிக்கு முடிக்க வேண்டும். எட்டுக்கு அக்கா தட்டுகளைக் கொண்டுவந்து வைப்பாள், சீட்டு கிடந்தால் சீட்டு மேலேயே வைப்பாள்.

காசு வைத்து ஆட அவள் விடுவதில்லை. அதனால் பல் வைத்து ஆடினோம். நிறம் சரியில்லை என்று அத்தான் ஒதுக்கிப்போட்ட செயற்கைப் பற்கள் டப்பா டப்பாவாகக் கிடந்தன. முன்பல் ஒன்றுக்குச் சமம், கோரைப்பல் ஐந்து, கடவாய்ப்பல் பத்து. "மேல ரெண்டு கடவாய்" என்று நாங்கள் பந்தயத்தை ஏற்றிக்கொண்டு போவதை முதல் தடவை கேட்கிறவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். பல் மொத்தமும் தோற்றவனுக்குப் பொக்கை என்று பேர். பொக்கை ஆனவன், தன் கடைசிப் பல்லைப் பிடுங்கியவர் கேட்கிற ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு கேள்வி. மழுப்பக் கூடாது.

ஏழு வருஷமாக இந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஒரு தடவை நான் பொக்கை ஆனபோது, "என் ஸ்கூட்டர இடிச்சது யாரு?" என்று அத்தான் கேட்டார். அதுவரை மூன்று வருஷமாக அவர் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமல் இருந்தார். அன்றிலிருந்து இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார்.

மற்ற இரண்டு பேரில் ஒருவரை சூட்கேஸ் என்று கூப்பிடுவோம். பல் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பஞ்சு, பசை, ஊசி எல்லாவற்றையும் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி விற்கிறவர். சரக்கோடு சேதியும் போகும். திங்கட்கிழமை காலை அவர் காதில் விழுந்தது புதன்கிழமைக்குள் ஊரில் உள்ள எல்லாப் பல் டாக்டருக்கும் தெரிந்துவிடும். நல்ல மனுஷர், வாய்தான் நிற்காது.

இன்னொருவர் டாக்டர். மெயின் ரோட்டில் இரண்டு நாற்காலி போட்ட பல் ஆஸ்பத்திரி அவருடையது. நாள் முழுக்க முகமூடிக்குள்ளேயே இருந்து பழகியதாலோ என்னவோ, அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். ஏழு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் பொக்கை ஆனதில்லை.

இனி அந்த ஆள் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பாட்டு டீச்சர் ஒருவருக்கு மேல்வரிசை முழுப் பல்செட்டு செய்ய டாக்டர் அளவு அனுப்பினார். வார்த்துப் பார்த்தால் அண்ணத்து வரிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பசை இறுகுவதற்குள் அசைந்துவிட்டது என்று அர்த்தம். அத்தான் உடனே போன் செய்து, "டாக்டர், அளவு அசைஞ்ச மாதிரி இருக்கு. இன்னொரு தடவ எடுத்து அனுப்புங்க" என்றார். "டீச்சருக்கு அவசரம். அதுலயே பண்ணுங்க, பாத்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். அத்தான் பண்ணினார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். பல்செட்டை வெளியே எடுக்கும்போது வார்த்த தாடையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் சாட்சி என்று எதுவும் மிஞ்சவில்லை.

நாற்பது பிள்ளைகள் முன்னால் மேல் ஸ்தாயிக்குப் போனபோது டீச்சரின் பல்செட்டு கழன்று ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. டீச்சர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, உட்கார இடமில்லாமல் ஆட்கள் நிற்கும் நேரத்தில் சண்டை போட்டார். டாக்டர் தட்டு முகத்தோடு, "அளவு சரியாத்தாம்மா குடுத்தேன். செய்யறவர் சொதப்பிட்டார்" என்றார். அதோடு விட்டிருந்தால்கூட அத்தான் பொறுத்திருப்பார், தொழிலில் அது சகஜம். அந்த மாதம் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் டாக்டரே வாயைத் திறந்து, "பாவம், அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். சூட்கேஸ்தான் வந்து சொன்னார்.

பல் செய்கிறவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஏழு ஆஸ்பத்திரிகளில் ஐந்து இரண்டே மாதத்தில் நின்றுபோயின. ஒருத்தரும் சண்டை போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. அளவுப் பெட்டி வருவது நின்றது, அவ்வளவுதான். காலையில் பட்டறைக்குள் போய் உட்கார்ந்த அத்தான் பதினொரு மணிக்கே புருவத்தில் தூள் இல்லாமல் எழுந்து வருவார். அக்கா நீட்டிய துணியை நீட்டியபடி நிற்பாள்.

டாக்டர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். தொழில் வேறு, சீட்டு வேறு என்று அவருக்கு நினைப்பு.

"அந்த ஆள் இனி இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்றாள் அக்கா.

"வரட்டும். வராம எப்படி முடிக்கிறது?" என்றார் அத்தான்.

அவர் கணக்கு எளிமையானது. டாக்டரைப் பொக்கை ஆக்க வேண்டும். சூட்கேஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்டு, உண்மையை டாக்டர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். மிச்சத்தைச் சூட்கேஸ் பார்த்துக்கொள்வார். தன் கையின் பேரை மீட்க அத்தானுக்கு வேறு வழி இல்லை. எட்டு மாதம் முயன்றார். அந்தத் தட்டு முகத்தைப் பார்த்து எதைக் கண்டுபிடிக்க முடியும்? டாக்டர் ஏமாற்றும்போது இவர் சீட்டைக் கவிழ்த்து விலகினார், ஏமாற்றாதபோது போய் மாட்டிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை டாக்டர் ஐஸ் கட்டியைக் கடித்தார். இடது பக்கக் கீழ்க் கடவாய்ப்பல் பாதியாகப் பிளந்தது.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு நான் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரே நேரில் வந்தார், கையில் அளவுப் பெட்டி. அவருடைய உதவி டாக்டர் எடுத்த அளவு.

"இத நீங்களே செஞ்சிடுங்க. வெளில யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார்.

"என் கை நடுங்குதே டாக்டர்."

டாக்டர் சிரித்தார். "அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது. எனக்குன்னு வரும்போது உங்க கைதான்."

நான் டீயை வைத்துவிட்டு எழுந்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன். ஊரெல்லாம் இவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, தன் வாய்க்கு மட்டும் இந்தக் கை வேண்டுமாம். அறைந்திருக்க வேண்டும். அத்தான் பெட்டியை வாங்கி விளக்கடியில் வைத்து, "வியாழக்கிழமை தரேன்" என்றார்.

மூன்று நாள் அந்த ஒரு பல்லோடு இருந்தார். புதன்கிழமை போய்ப் பார்த்தால் அப்படி ஒரு அழகு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இந்த ஆளுக்கா இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறீங்க?"

"நாக்கு படற பக்கத்துல விரல வெச்சுப் பாரு. ஏதாவது தெரியுதா?"

"வழவழன்னு இருக்கு."

"விரலுக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. நாக்குக்குத் தெரியும். அங்க ஒரு கோடு மேடா விட்டிருக்கேன், முடி கனத்துல பாதி. நாக்கு மாதிரி வம்பு பிடிச்ச உறுப்பு உடம்புல வேற கிடையாது, எதையாவது கண்டுபிடிச்சா விடாது. சும்மா இருக்கும்போது அந்த இடத்துக்குப் போகாது. மனசு தடுமாறுச்சுன்னா அங்கதான் போய் நிக்கும். நாக்கு அங்க போனா தாடைக்கு அடியில லேசா அசையும்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தேன். எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று, மறைப்பானேன். பல்லைப் பஞ்சில் சுற்றும்போது மட்டும் அவர் கொஞ்சம் தயங்கினார். "என் கையால வெளில போற முதல் கெட்ட பல்லு இது" என்றார்.

பல்லை டாக்டர் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை அத்தான் ஜெயிக்க முயலவே இல்லை. சீட்டைப் பார்க்காமல் தாடையைப் பார்த்தார். டாக்டரிடம் நல்ல சீட்டு இருந்தால் தாடை கல் மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லாமல் பல்லை அள்ளி முன்னால் தள்ளும்போது, இடது தாடைக்கு அடியில் ஒரு சின்ன அசைவு, எறும்பு ஊர்கிற அளவு. நிச்சயம் செய்துகொள்ள வேண்டும் என்று வேண்டுமென்றே பல தடவை தோற்றார். தோற்றுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறப்பார்.

ஏழாவது சனிக்கிழமை ஏழரை மணி இருக்கும். நானும் சூட்கேஸும் சீட்டைக் கவிழ்த்துவிட்டோம். அத்தானும் டாக்டரும்தான் ஆட்டத்தில். மேசையில் ராஜா, ஒன்பது, ஏழு, நான்கு, இரண்டு. அத்தான் கையில் ஒரு ஒன்பது இருந்தது. ஆக ஒன்பதில் ஒரு ஜோடி. அந்த மேசைக்கு அது ரொம்பக் குறைவு. டாக்டர் கையில் ஒரு ராஜா இருந்தாலே இவர் காலி.

டாக்டர் தன் பல் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். "எல்லாம்" என்றார். முகம் தட்டு. தாடைக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது.

அத்தான் தன் குவியலைத் தள்ளினார்.

டாக்டர் சீட்டைத் திருப்பினார். ஒரு ராணி, ஒரு ஜாக்கி. ஒன்றுக்கும் உதவாத கை. மேசை மேலிருந்த பல்லெல்லாம் அத்தான் பக்கம் வந்தன. டாக்டர் முதல் தடவையாகப் பொக்கை. அக்கா தட்டோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"கேளுங்க" என்றார் டாக்டர்.

டீச்சர் அளவைப் பற்றித்தான் கேட்பார் என்று அக்காவும் நானும் காத்திருந்தோம். ஆனால் அத்தான் யோசித்திருக்கிறார். டீச்சரின் அளவை வார்த்த தாடை உடைந்துபோன விஷயம், டாக்டர் பொய் சொன்னால் யார் மறுப்பது? வாயில் இருக்கிற பல்லை மறுக்க முடியாது.

"உங்க இடது பக்கக் கடவாய்ப்பல் யார் செஞ்சது?"

சூட்கேஸ் நிமிர்ந்தார். கேள்வியின் கனம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கை நடுங்குகிறது என்று சொன்ன டாக்டரே அந்தக் கையில் பல் செய்துகொண்டாரா? எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. தண்ணீர் ஒரு வாய் குடித்தார். "நீங்கதான். சட்டப்படி உண்மையச் சொல்லணும், முழுசாவே சொல்லிடறேன். பழகின மனுஷன், வேலை இல்லாம உக்காந்திருக்காரேன்னு குடுத்தேன். நாக்கு படற பக்கம் கோடு நிக்குது. அப்பப்போ உறுத்துது. பாவம், கை முன்ன மாதிரி இல்ல."

மறுபடியும் அந்த 'பாவம்'.

சூட்கேஸ் தலை குனிந்துகொண்டார். பழி வாங்க விட்ட கோடே அத்தான் கழுத்துக்குத் திரும்பிவிட்டது. பேசாமல் இருந்தால் கை நடுங்குவது நிஜம் என்று ஆகிவிடும், வாயைத் திறந்தால் ஒருவர் வாயில் வேண்டுமென்றே கெட்ட பல்லை வைத்தவர் என்று ஆகிவிடும். இரண்டாவதற்கு எந்த ஆஸ்பத்திரியும் வேலை தராது. பேசாமல் இருங்கள் அத்தான் என்று மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

அவர் மிதித்ததைக் கவனிக்கவே இல்லை. கெட்டவன் என்று சொன்னால் அந்த மனுஷனால் தாங்க முடியும், வேலை தெரியாதவன் என்று சொன்னால் தாங்க முடியாது.

"அது கை தவறி வந்த கோடு இல்ல டாக்டர். நான் வெச்சது. கீழ இருந்து மேல, நேர்க்கோடு. ரெண்டு முனையும் கூர்மையா இருக்காது, நடுவுல மட்டும் முடியில பாதி ஒசரம். நாக்கால தடவிப் பாருங்க. எங்கயாவது கோணலா இருந்தா நான் இனிமே ராவறதையே விட்டுடறேன்."

டாக்டர் தடவிப் பார்த்தார். பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"எதுக்கு வெச்சீங்க?" என்று சூட்கேஸ் மெதுவாகக் கேட்டார்.

"இவர் இல்லாதத இருக்குன்னு சொல்லும்போதெல்லாம் நாக்கு அங்க போகும். அத வெச்சுத்தான் இன்னிக்கு ஜெயிச்சேன். செஞ்சது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நடுங்கற கையால அத வைக்க முடியாது. டீச்சர் அளவு அசைஞ்சிருக்குன்னு நான் போன்லயே சொன்னேன்."

"அந்த அளவு சரியாத்தான் இருந்துச்சு" என்றார் டாக்டர்.

நாங்கள் நான்கு பேரும் அவர் தாடையைப் பார்த்தோம். அக்காகூடத் தட்டைப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். இடது தாடைக்கு அடியில் அசைந்தது. அவருக்கே அது தெரிந்து, நிறுத்தப் பார்த்தார். இன்னும் வேகமாக அசைந்தது.

"டாக்டர், நாக்கு" என்றார் சூட்கேஸ்.

அந்தத் தட்டு முகம் சிவந்ததை நான் பார்த்தேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தேன். டாக்டர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் போனார்.

புதன்கிழமைக்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. நின்றுபோன ஐந்தில் மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து அளவுப் பெட்டி வர ஆரம்பித்தது. மற்ற இரண்டும் வரவில்லை, இனி வராது. வேலை தருகிறவர்களும் பயந்துகொண்டேதான் தருகிறார்கள் என்று சூட்கேஸ் சொன்னார். அளவு அசைந்திருக்கிறது என்று அத்தான் போன் செய்தால் மறுபேச்சில்லாமல் அரை நாளில் புது அளவு வருகிறது. அக்காவின் துணி மறுபடி வெள்ளையாகிறது.

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தானுக்கு முடியவில்லை. முடியில் பாதிக் கோடு. எந்த ஆஸ்பத்திரியிலும் இரண்டு நிமிஷத்தில் தேய்த்துவிடலாம். டாக்டர் தேய்க்கவில்லை. அத்தான் கோடு இல்லாமல் அதே பல்லை இன்னொன்று செய்து சூட்கேஸிடம் கொடுத்தனுப்பினார். பஞ்சு பிரிக்காமல் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது, இந்தத் தடவை ஒரு சொல்லோடு.

"'இவர் வேலை எப்படின்னு கேக்கறவங்களுக்கு வாயத் திறந்து காட்டறேன், அதுக்கு இது வேணும்'னு சொன்னாரு" என்றார் சூட்கேஸ்.

அன்று நாங்கள் மூன்று பேரும் ஆடினோம். அத்தான் கையில் ராஜாக்கள் வந்தும் கவிழ்த்தார். நடுவில் எழுந்து பட்டறைக்குப் போய், அந்தப் புதுப் பல்லை விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டும் வரவில்லை. எங்கே அடித்தால் இவருக்கு வலிக்கும் என்று அந்த டாக்டர் சரியாகத் தெரிந்துகொண்டுவிட்டார். பழி வாங்க எங்கள் அத்தானுக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.